தவணையில் வந்த போர்வை



ரெண்டு வாரமா ஒண்ணும் எழுதலை. மக்காச்சோளம் அறுவடை, நடுவில் மாடு கன்னு போட்டது என்று நாள் ஓடிவிட்டது. இன்றைக்கு எழுத வந்தது ஒரு போர்வையின் கதை. இவனுக்கும் போர்வைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்ச தூரம் கூட வாருங்கள், இதுவும் காட்டுக்காரர்கள் கதைதான்.

என் தம்பி மகள் கல்யாணமாகி அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் இருக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தாள். பின்னால் மேஜை முழுக்க துண்டுத் துணி. நீலம் ஒரு குவியல், சிவப்பு ஒரு குவியல், வெள்ளையும் சந்தன நிறமும் கலந்து ஒரு குவியல்.

"என்ன கண்ணு, டெய்லர் கடை வெச்சுட்டயா?"

"இல்லீங் பெரியப்பா, ஒட்டுப்போர்வை தைக்கிறேன். நாலு நாலு துண்டாச் சேத்தி 100 கட்டம் தைக்கச் சொல்லியிருக்காங்க."

"எதுக்கு 100?"

"தெரியலீங்."

"அது நடுவுல வருமா, ஓரத்துல வருமா?"

"அதுவும் தெரியலீங். அடுத்த வாரம்தான் அடுத்த படி வரும். கடைசி வாரம்தான் முழுப் படத்தையே காட்டுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன தைக்கிறோம் என்றே தெரியாமல் நல்ல துணியை வெட்டிப் போடுகிறார்களே என்று நினைத்தேன். அதற்கு மிஸ்டரி குயில்ட் என்று பெயராம். மர்மப் போர்வை. துப்பறியும் கதை மாதிரி வாரம் ஒரு துப்பு கொடுப்பார்கள். அந்தத் துப்பின்படி வெட்டித் தைத்து வைக்க வேண்டும். பல ஊர்களில் முகம் பார்க்காத பெண்கள் ஒரே வாரத்தில் ஒரே வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள்.

சிரித்து முடிக்கும் முன்னால் அவள் கேட்டாள், "அப்பத்தாவோட அந்த அரக்குச் சேலை இருக்குதுங்களா? எனக்குத் தூளி கட்டினது. அனுப்புங்க பெரியப்பா, அதையும் இதுல வெட்டிச் சேக்கோணும்."

சிரிப்பு நின்றுவிட்டது. பார்க்கலாம் கண்ணு என்று சொல்லி போனை வைத்தேன்.

அம்மா போய் 11 வருசம் ஆகிறது. அவள் கட்டியதில் மிச்சம் இருப்பது அந்த ஒரு சுங்குடிச் சேலைதான். எங்கே போய் உட்காரும் என்றே தெரியாத ஒரு வேலைக்கு அதை எப்படி வெட்டக் கொடுப்பது? என் தயக்கம் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். இந்தப் போர்வைகளின் வரலாறு பற்றிப் படிக்கச் சொல்லி ஒவ்வொன்றாக அனுப்ப ஆரம்பித்தாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான். மகன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, பத்துப் பதினைந்து ராத்திரி இதிலேயே போனது.

முதலில் குயில்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மூன்று அடுக்கு. மேலே துண்டுகள் சேர்த்துத் தைத்த துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு சாதாத் துணி. மூன்றையும் சேர்த்து மேலிருந்து கீழ்வரை ஓட்டுத்தையல் போட்டு, பஞ்சு நகராமல் பிடித்து வைப்பார்கள். பனி கொட்டுகிற ஊரில் இது இல்லாமல் ராத்திரி தூங்க முடியாது.

மேல் துணி தைப்பதில்தான் கணக்கு இருக்கிறது. சதுரம், முக்கோணம், பட்டை என்று எதை வெட்டினாலும் சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட வேண்டும். நம்ம ஆசாரிகள் நூல் கணக்கு சொல்வார்களே, எட்டு நூல் ஒரு அங்குலம். ஒரு தையலில் ஒரு நூல் பிசகினால் எட்டாவது தையலில் ஒரு அங்குலம் பிசகியிருக்கும். அப்புறம் கட்டம் கட்டத்தோடு சேராது.

முக்கோணம் செய்வதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். முக்கோணமாக முதலிலேயே வெட்டினால் சாய்ந்த ஓரம் இழுத்த இழுப்புக்கு நீளும். டெய்லர்கள் கிராஸ் கட்டிங் என்பார்களே, அந்த ஓரம். அதனால் ஒரு வெள்ளைச் சதுரத்தையும் ஒரு நீலச் சதுரத்தையும் முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் அங்குலத்தில் ஒரு தையல், அந்தப் பக்கம் ஒரு தையல். பிறகு கோட்டின் மேல் வெட்டிப் பிரித்தால் பாதி வெள்ளை பாதி நீலமாக ரெண்டு சதுரம் கிடைக்கும். என் வீட்டுக்காரி காலண்டர் தாளில் செய்து பார்த்துவிட்டு, "அட, கோடு போட்டு வெட்டினா சோடியா வருது" என்றாள். இப்படி நூறு, இருநூறு செய்து அடுக்கி வைத்துவிட்டு அடுத்த வாரத்துக்குக் காத்திருப்பார்கள்.

சரி, துண்டுத் துணிப் போர்வை என்றதும் நமக்கு ஏழை வீட்டு நினைவுதான் வரும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்காவில் ஆரம்பத்தில் அப்படி இல்லையாம். துணி கப்பலில் வந்து இறங்கிய காலத்தில், துண்டு துண்டாக வெட்டித் தைத்து விளையாட வசதியான வீட்டுப் பெண்களால்தான் முடிந்தது. சாதாரண வீட்டில் துண்டுத் துணி மிஞ்ச வேண்டும் என்றால் முதலில் துணி மலிவாக வேண்டும். அங்கே துணி மலிவானது எப்படி என்பதைப் படித்தபோது, ஒரு காலத்தில் பருத்தி போட்டவன் என்கிற முறையில் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

1793ல் எலி விட்னி என்பவர் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதுவரை கையால் கொட்டை எடுப்பதுதான் பெரிய பாடு. அந்த இயந்திரம் வந்தால் கையாள் தேவை குறையும் என்றுதானே நினைப்போம்? நடந்தது தலைகீழ். எவ்வளவு விளைந்தாலும் கொட்டை எடுத்துவிடலாம் என்றானதும், தென் மாநிலங்களில் காட்டை அழித்து அழித்துப் பருத்தி போட்டார்கள். விதைக்கவும் களை எடுக்கவும் பொறுக்கவும் அடிமைகள். 1790ல் அந்த நாட்டில் அடிமைகள் சுமார் 7 லட்சம் பேர். 1860ல் சுமார் 40 லட்சம். அந்தப் பருத்திதான் வடக்கே மில்களில் அச்சடித்த சீட்டித் துணியாகி, பாட்டிமார்களின் துணிப் பைக்குள் துண்டு துண்டாகச் சேர்ந்தது. பொறுக்கிய கைகளைப் பற்றி நான் படித்த பல போர்வைக் கதைகள் மூச்சே விடவில்லை.

தையல் இயந்திரம் 1846ல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கியதிலிருந்து பரவத் தொடங்கியது. சிங்கர் கம்பெனி 1856லேயே மெஷினைத் தவணை முறையில் விற்க ஆரம்பித்துவிட்டது. மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் போதும். இந்தத் 'தவணை' என்கிற சொல்லை ஞாபகம் வையுங்கள், திரும்ப வரும்.

தம்பி மகள் இருக்கிற கான்சாஸ் சிட்டியை ஒட்டி இண்டிபெண்டன்ஸ் என்று ஒரு ஊர். அங்கே ரூபி மெக்கிம் என்றொரு அம்மாள், சித்திரம் வரைபவர். 1916ல் கான்சாஸ் சிட்டி ஸ்டார் பத்திரிகையில் குழந்தைகளுக்கான ஒரு போர்வையைத் தொடராக வெளியிட்டார். தார்ன்டன் பர்ஜெஸ் எழுதிய தூங்கும் நேரத்துக் கதைகளில் வரும் முயல், அணில் மாதிரி விலங்குகள்தான் படம். ஒரு தடவைக்கு ஒரு விலங்கு. பத்திரிகையிலிருந்து வரைந்தெடுத்து, துணியில் ஏற்றி, நூலால் கோடு போட்டு வைத்துக்கொள்ள வேண்டியது. எல்லாம் வந்து முடிந்ததும் சேர்த்தால் போர்வை.

நம்ம ஊரில் வாரப் பத்திரிகையில் தொடர்கதை வந்த காலம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டில் அக்கா தொடர்கதையை மட்டும் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியில் தைத்துப் புத்தகமாக வைத்திருப்பாள். ஒரு வாரம் விட்டுப்போனால் பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்பாள். போர்வைத் தொடர் போட்டவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஒரு வாரம் விட்டால் போர்வையில் ஒரு ஓட்டை. பிறகு யார் பத்திரிகையை நிறுத்துவார்கள்?

1920களின் கடைசியில் இது பெரிய அலையாகிவிட்டது. நான்சி பேஜ் என்ற பெயரில் ஒரு பகுதி பல பத்திரிகைகளில் வந்தது. நான்சி பேஜ் என்று ஒரு பெண்ணே கிடையாது. ஃபுளோரன்ஸ் லகாங்கி என்ற மனையியல் படித்த அம்மாள்தான் எழுதினார். கதையில் நான்சி ஒரு போர்வைக் கிளப் வைத்திருப்பாள், அவள் தோழிகள் கூடிப் பேசுவார்கள், பேச்சுவாக்கில் அந்த வாரத்துக் கட்டத்தை எப்படி வெட்டுவது என்று வாசகிக்குச் சொல்லிவிடுவார்கள். ஊரில் கூட்டாளி இல்லாத பெண்ணும் அந்தக் கிளப்பில் ஒரு ஆள். நாலு மைலுக்கு ஒரு வீடு இருக்கிற பண்ணைக் காடுகளில், தபாலில் வருகிற பத்திரிகைதான் திண்ணைப் பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஸ்டார் பத்திரிகை 1928லிருந்து 1961 வரை விடாமல் போர்வை மாதிரிகளை வெளியிட்டது. மொத்தம் ஆயிரத்துக்கு மேல். விவசாயிகளுக்காக அவர்கள் நடத்திய வாரப் பதிப்பிலும் இவை வந்தன. பண்ணைப் பெண்களே தங்கள் வீட்டு மாதிரியை வரைந்து அனுப்பினார்கள், பத்திரிகை அச்சிட்டது. அதெல்லாம் தனித்தனிக் கட்டங்கள், மர்மம் ஒன்றும் கிடையாது. ஆனால் தவணையில் வரும் வேலையைச் செய்து செய்து அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிற பழக்கம் இந்தக் காலத்தில் வேரூன்றியதுதான் என்பது என் கணிப்பு. இன்றைய மர்மப் போர்வைக்காரர்கள் அதில் கடைசிப் படத்தை ஒளித்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான கேள்வி. 1929ல் அமெரிக்காவே பொருளாதாரத்தில் விழுந்துவிட்டது. விளைபொருளுக்கு விலை இல்லை. அப்புறம் துணிக்கு எங்கே போனார்கள்?

சாக்கு. தீவன மூட்டையும் மாவு மூட்டையும்தான்.

இதைப் படித்ததும் நான் எழுந்து கட்டுத்தரைக்குப் போய், மடித்து வைத்திருந்த காலித் தீவனச் சாக்கைப் பார்த்துவிட்டு வந்தேன். நம்முடையது இப்போது பிளாஸ்டிக் நெசவு. ஆனால் வாய்த் தையல் அதே சங்கிலித் தையல். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ர்ரென்று ஒரே இழுப்பில் வந்துவிடும். தப்பான முனையைப் பிடித்தால் முடிச்சு விழுந்து மானத்தை வாங்கும். அங்கேயும் அதே தையல்தான். அந்த நூலைக்கூட வீணாக்காமல் உருண்டையாகச் சுற்றி வைத்து, போர்வைக்கு ஓட்டுத்தையல் போட எடுத்துக்கொண்டார்கள்.

மரப்பீப்பாயில் வந்துகொண்டிருந்த மாவு, தையல் இயந்திரம் வந்து உறுதியாகத் தைக்க முடிந்த பிறகு பருத்திச் சாக்குக்கு மாறியது. 100 பவுண்டு மூட்டையைப் பிரித்தால் கிட்டத்தட்ட 36 அங்குலத்துக்கு 42 அங்குலம், ஒரு கஜத்துக்குக் கொஞ்சம் கூடவே துணி. மூன்று நாலு மூட்டை இருந்தால் ஒரு பெண்ணுக்குக் கவுன் தைக்கலாம். வெட்டியதில் மிஞ்சியது போர்வைக்கு. சிக்கல் என்னவென்றால், கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். பன்றிக் கொழுப்போ மண்ணெண்ணெயோ தடவி ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, மறுநாள் காரச் சோப்பில் அடித்து அடித்துத் துவைப்பார்கள். அப்படியும் சில சமயம் எழுத்து நிழலாகத் தெரியும்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுத் தலையணை உறையைச் சொல்லியாக வேண்டும். 1961ல் காமராசர் காலத்துப் பள்ளி மதிய உணவுக்கு அமெரிக்காவின் கேர் நிறுவனத்திலிருந்து உதவி வர ஆரம்பித்தது. கோதுமை ரவையும் மாவும் பால் பவுடரும் வந்தன. காலிச் சாக்கு ஒன்று எப்படியோ எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பத்தா அதைத் தலையணை உறையாகத் தைத்துவிட்டது. ரெண்டு கை குலுக்குகிற படம், அதன் கீழே இங்கிலீஷ். சிறுவனாக நான் அந்தக் கைகளின் மேல்தான் தலை வைத்துத் தூங்கினேன். ஆறாவது போய் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான், இது விற்பனைக்கு அல்ல என்று அதில் எழுதியிருப்பது தெரிந்தது. எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்கு டிராயரே அந்தச் சாக்கில்தான். கை குலுக்கும் படம் சரியாகப் பின்பக்கம் வந்துவிட்டது. பேர் சொன்னால் இன்றைக்கும் அடிக்க வருவான்.

அமெரிக்கக் கம்பெனிகள் பெண்கள் சாக்கைத் துவைப்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தன. 1924ல் அசா பேல்ஸ் என்பவர், சரக்கு தீர்ந்த பிறகு உடை தைக்க ஏற்ற துணியிலேயே சாக்கைச் செய்யும் யோசனைக்குக் காப்புரிமை கேட்டார். உரிமையை செயின்ட் லூயிஸ் ஊர் மாவு மில் ஒன்று எடுத்துக்கொண்டு, கட்டம் போட்ட துணியில் 'கிங்கம் கேர்ள்' என்ற பெயரில் மாவை விற்றது. அடுத்த பத்து வருடத்தில் பூப்போட்டது, புள்ளி போட்டது, கோடு போட்டது என்று சாக்குகள் வந்து குவிந்தன. கம்பெனி பெயரைத் தண்ணீரில் நனைத்தால் உரிந்துவிடும் காகிதத்தில் ஒட்டினார்கள். தீவனக் கடைக்குப் போகும் புருசன் கையில் வீட்டுக்காரி ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து அனுப்புவாளாம், இதே பூ போட்ட மூட்டையாகப் பார்த்து எடுத்து வா என்று. அந்தப் பூ எப்போதும் அடுக்கின் அடியில்தான் இருக்கும். கடைக்காரர் முனகிக்கொண்டே இருபது மூட்டையை இறக்கி ஏற்றுவார்.

எங்கள் ஊர்த் தீவனக் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "நல்லவேளை, நான் இங்க பொறந்தேன்" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துணியின் விலை மூட்டை விலைக்குள்தான் இருந்தது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். யாரும் யாருக்கும் சும்மா கொடுக்கவில்லை. கோழிக்கு எந்தத் தீவனம் நல்லது என்று பார்க்காமல், எந்தப் பூ நல்லது என்று பார்க்க வைத்ததில் கம்பெனிக்கு லாபம். இன்றைக்கு விதைப் பாக்கெட்டோடு தொப்பி கொடுக்கிறார்களே, அந்தச் சங்கதிதான். இருந்தாலும், கிடைத்த இடத்தில் கெட்டிக்காரத்தனமாகத் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பெண்களை எனக்குப் பிடித்துப் போய்விட்டது. இரண்டாம் உலகப் போர் சமயம் துணிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, சாக்குத் துணி தொழிற்சாலைத் தேவை என்ற கணக்கில் தப்பியது. 1950களில் காகிதப் பையும் பிறகு பிளாஸ்டிக்கும் வந்து அந்தக் காலம் முடிந்தது.

1933ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி. அதையொட்டி சியர்ஸ் என்ற பெரிய வியாபாரக் கம்பெனி தேசம் முழுக்க ஒரு போர்வைப் போட்டி அறிவித்தது. முதல் பரிசு 1,000 டாலர். பஞ்சம் தலைவிரித்தாடிய வருசம் அது. பல வீடுகளில் முழு வருச வருமானமே அவ்வளவு வராது. நாலைந்து மாத அவகாசத்தில் சுமார் 24,000 போர்வைகள் வந்து சேர்ந்தன. எத்தனை வீட்டில் ராத்திரி விளக்கு எரிந்திருக்கும், எத்தனை பேர் அந்தப் பணத்தை மனசுக்குள் செலவழித்துப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பரிசு கென்டக்கி மாநிலத்தின் மார்கரெட் கேடன் என்ற அம்மாளுக்குப் போனது. போர்வை அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்குப் பரிசாகப் போனது. பல வருசம் கழித்துப் போர்வை வரலாறு எழுதுபவர்கள் தோண்டியபோதுதான் உண்மை வெளியே வந்தது. அந்த அம்மாள் அதில் ஒரு தையல்கூடப் போடவில்லை. வறுமையில் இருந்த உள்ளூர்ப் பெண்களைக் கூலிக்கு அமர்த்தித் தைத்து வாங்கியது. தைத்தவர்களுக்குக் கூலி மட்டும்தான், பரிசில் பங்கு இல்லை. வெளியே சொன்னால் இருக்கிற கூலி வேலையும் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டார்கள். அந்தப் போர்வையின் மாதிரிக்குப் பெயர் 'தெரியாத நட்சத்திரம்'. பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். போர்வை இன்று எங்கே இருக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் பத்திரிகை வாங்க முடிந்தவர்களின் கதை. தெற்கே அலபாமா மாநிலத்தில் ஒரு ஊர் இருக்கிறது, கீஸ் பெண்ட். அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகிற நிலம். அடிமைகளை வைத்துப் பருத்தி விளைத்த பண்ணை அது. அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் அதே மக்கள் அதே மண்ணில் குத்தகைக்கும் வாரத்துக்கும் பருத்தி போட்டார்கள். பண்ணை முதலாளியின் குடும்பப் பெயரான பெட்வே என்பதே அவர்களில் பலருக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது. விதைக்கும் உணவுக்கும் வியாபாரியிடம் முன்பணம், அறுவடையில் கழித்துக்கொள்வது. இந்தக் கணக்கை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1930களின் தொடக்கத்தில் பருத்தி விலை பவுண்டுக்கு 6 சென்ட் அளவுக்குச் சரிந்தது. கடன் அடையவில்லை. அந்த நேரம் பார்த்து, கடன் கொடுத்த வியாபாரி இறந்து போனார். 1932ல் அவர் குடும்பத்தின் சார்பில் வண்டிகளோடு ஆட்கள் வந்தார்கள். சுமார் 60 குடும்பங்களிடம் இருந்ததை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோவேறு கழுதை, மாடு, கோழி, கலப்பை, குளிர்காலத்துக்கு வைத்திருந்த சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு வரைக்கும். அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த உணவில் தாண்டினார்கள். சில வருசம் கழித்து அரசாங்கம் அந்த நிலத்தை வாங்கி, அந்தக் குடும்பங்களுக்கே கடனில் பிரித்து விற்றது.

அப்போது 1937ல் ஆர்தர் ராத்ஸ்டைன் என்ற அரசாங்கப் புகைப்படக்காரர் அங்கே எடுத்த படங்களைப் பார்த்தேன். மரக்கட்டை வீட்டு ஜன்னலில் ஒரு சிறுமி நிற்கிறாள். கதவில் குளிர்காற்றுக்கு மறைப்பாகப் பத்திரிகைத் தாள் ஒட்டியிருக்கிறது, விளம்பரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரிக்கிறாள். நான் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மிசூரியில் பத்திரிகைத் தாள் போர்வை மாதிரி கொண்டுவந்தது. இங்கே பத்திரிகைத் தாளே போர்வை.

அந்த ஊர்ப் பெண்கள் தைத்த போர்வைகளுக்குத் துணி எங்கிருந்து வந்தது? பழைய வேலைத் துணி. காட்டில் உழுது முழங்கால் தேய்ந்த காக்கி, ஜீன்ஸ் பேண்ட்கள், சட்டையின் முதுகு, சாக்கு. தேய்ந்த இடத்தை விட்டுத் தேயாத இடத்தை எடுத்தார்கள். பாக்கெட்டைப் பிரித்த இடத்தில் மட்டும் நிறம் வெளுக்காமல் கருநீலமாக இருக்கும், அதையும் அப்படியே வைத்துத் தைத்தார்கள். சதுரத்துக்குள் சதுரமாகக் கூரை போலத் தைக்கும் முறை ஒன்று தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. அதற்கு மேல் யாரும் மாதிரி பார்க்கவில்லை. 'என் வழி' என்று சொல்லிக்கொண்டு கைக்கு வந்தபடி போனார்கள். மர்மப் போர்வையில் முடிவு நமக்குத் தெரியாது, ஆனால் யாரோ ஒருவருக்குத் தெரியும். இங்கே முடிவு யாருக்குமே தெரியாது, தைப்பவளுக்கும் சேர்த்து.

1942ல் மிசூரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்துபோனார். அந்த அம்மாள் அவருடைய வேலைத் துணிகளை எல்லாம் எடுத்து, மகள் அர்லான்சியாவை உதவிக்கு வைத்துக்கொண்டு கிழித்து, ஒரு போர்வையாகத் தைத்தாள். அவர் நினைவாக அதற்குள் படுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் காரணம் என்று பிறகு மகள் சொல்லியிருக்கிறாள். வெளுத்த நீலம், பழுப்பு, சாம்பல் என்று பட்டை பட்டையாக இருக்கிறது அந்தப் போர்வை. இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் அது இருக்கிறது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1966ல் அந்தப் பகுதிப் பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து போர்வை விற்றார்கள். 2002ல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகங்களில் கீஸ் பெண்ட் போர்வைகளைச் சுவரில் மாட்டினார்கள், கலை விமர்சகர்கள் வியந்து எழுதினார்கள். 2006ல் அமெரிக்கத் தபால்தலையாகவும் வந்தது. 2007ல் அந்தப் பெண்களில் மூன்று பேர் தங்களுக்குச் சேர வேண்டிய பணம் சேரவில்லை என்று வழக்குப் போட வேண்டியும் இருந்தது. அடுத்த வருசம் அது பேசித் தீர்க்கப்பட்டது. பரிசு வாங்கியவர் பெயரும் தைத்தவர் பெயரும் ஒன்றாக இருப்பதற்கே இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

மிசூரி பெட்வே கதையை மகன் படித்துச் சொன்னது ஒரு வியாழக்கிழமை ராத்திரி. வீட்டுக்காரி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள், எழுந்து போனாள், டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அந்துருண்டை வாசம் அடித்தது.

சேலையைப் பாயில் விரித்துப் பார்த்தோம். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், நான் நினைத்துக்கொண்டிருந்த மாதிரி அது முழுசாக இல்லை. தூளிக்கயிறு அறுத்த இடத்தில் ரெண்டு முழம் நீளத்துக்கு நைந்துபோய், வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடையாகத் தெரிந்தது. பெட்டியில் வைத்து நாங்கள் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்த 11 வருசத்தில் மடிப்பு மடிப்பாக அது விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. முந்தானையும் ஒரு பக்கத்துக் கரையும் மட்டும் கெட்டியாக இருந்தன. வீட்டுக்காரி கத்திரியை என் கையில் கொடுத்தாள். என்னால் முடியவில்லை. அவளே வெட்டினாள்.

நல்ல பாகத்தில் ஒரு முழம் இங்கே வைத்துக்கொண்டோம். மீதியைத் துவைத்து, நிழலில் உலர்த்தி, டவுனுக்குப் போய் அனுப்பினேன். எடை அரைக் கிலோகூட இல்லை. அம்மா அந்தச் சேலையை வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு கூரியர் செலவு. கேட்டிருந்தால் திட்டியிருப்பாள்.

நேற்று தம்பி மகள் பேசினாள். பார்சல் வந்துவிட்டதாம். அந்த வாரத்துப் படியும் வந்திருக்கிறது, இரண்டரை அங்குல அகலத்தில் பட்டை பட்டையாக வெட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சேலையை அதற்குத்தான் எடுத்திருக்கிறாள். பழைய துணி என்பதால் பின்னால் மெல்லிய சாதாத் துணி ஒட்டி வெட்டப் போகிறாள்.

"எங்க வரும்னு ஏதாவது தெரிஞ்சுதா கண்ணு?"

"இன்னும் தெரியலீங் பெரியப்பா. இன்னும் அஞ்சு வாரம் இருக்குது."

கடைசிப் படம் வந்ததும் இங்கே போடுகிறேன். கன்னுக்குட்டி கத்துகிறது, பால் பீச்ச நேரமாச்சு.